ராக்கெட்டுக்கு நேர்வழி, மனிதனுக்குச் சுற்றுவழியா?

குலசேகரன்பட்டினம் என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். பக்தருக்கு முத்தாரம்மன் கோயில் தசரா; காளி வேடமும் குரங்கு வேடமும் புனைந்து காணிக்கை திரட்டி வரும் கூட்டம்; பத்தாம் நாள் இரவு கடற்கரை மணலிலே நடக்கும் சூரசம்ஹாரம். வரலாறு படித்தவருக்கு 1942. அந்த ஆண்டு உப்பளத்திலே மூண்ட கிளர்ச்சி, லோன் எனும் வெள்ளை அதிகாரியின் மரணம், அதன்பின் வந்த சதி வழக்கு, தூக்குத் தண்டனை பெற்று மீண்ட காசிராஜன், ராஜகோபாலன் எனும் இரு வீர இளைஞர்கள். உழைப்பாளிக்கோ பனை, உப்பு, மீன், பக்கத்து உடன்குடிக் கருப்பட்டி.

இன்று அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. ராக்கெட்!

2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அங்கே நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். சிறிய செயற்கைக்கோள்களைச் சுமந்து செல்லும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்காகத் திட்டமிடப்பட்ட தளம் அது. ஆந்திரத்து ஸ்ரீஹரிகோட்டாவிலே ஒரு தளம் இருக்க, தேரிக்காட்டுக் கரையிலே இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. துருவப் பாதையிலே செயற்கைக்கோளை நிறுத்த வேண்டுமானால் ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே நிற்கிறது. அடுத்தவர் வீட்டுக் கூரைக்கு மேலே ராக்கெட்டை விடக் கூடாது. ஆகவே அது இலங்கையை ஒதுக்கி, வளைந்து, சுற்றிப் போகிறது. சுற்றிப் போனால் எரிபொருள் வீண். எரிபொருள் வீணானால் சுமக்கும் எடை குறைவு. குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பினாலோ எதிரே திறந்த கடல். நேர்வழி!

நல்ல திட்டம், வரவேற்கிறோம். சுற்றுவழியால் ராக்கெட்டுக்கு நேரும் நட்டத்தைக் கிராம் கணக்கிலே எடை போட்டுப் பார்த்து, அதற்கு நேர்வழி தேடிக் கடற்கரை நெடுகத் திரிந்த நாட்டைப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறோம். சுற்றுவழியிலே போகும் மனிதனுக்கு நேரும் நட்டத்தை யார் எடை போட்டார்கள்?

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சக்கர நாற்காலியிலே வருகிறான் ஒருவன். அலுவலகத்தின் முகப்பிலே ஏழு படி. "பின்பக்கமாக வா" என்கிறான் காவலன். பின்பக்கம் போனால் குப்பைத் தொட்டி, அதைத் தாண்டினால் பூட்டிய கதவு, அதன் சாவி யாரிடமோ. கடைசியில் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு அவனை மூட்டையைப் போலத் தூக்குகிறார்கள். தூக்கியவர்கள் நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தூக்கப்பட்டவன் மூட்டை அல்ல, குடிமகன்! மனுக் கொடுக்க வந்தவன், வரி கட்டியவன், வாக்குப் போட்டவன்.

கண் தெரியாத பெண் பேருந்து நிலையத்திலே நிற்கிறாள். எந்த வண்டி வந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். மூவர் பதில் சொல்லுமுன் வண்டி போய்விடுகிறது. காது கேளாத தொழிலாளி ஆலையிலே அபாய மணி அடிப்பதை அறியாமல் இயந்திரத்தின் முன்னே நிற்கிறான். மணிக்குப் பக்கத்திலே ஒரு சிவப்பு விளக்கு மாட்ட எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது ஏன்? மணி மாட்டிய நாளிலே அவனைக் கேட்கவில்லை!

இதைத்தான் இன்று பேச விரும்புகிறோம். மாற்றுத்திறனாளிக்குக் கருணை காட்டு என்று எழுத நாம் உட்காரவில்லை. கருணை போதுமான அளவுக்கு ஊரிலே இருக்கிறது. கோயில் வாசலிலே சில்லறையாகவும், திருமண நாளிலே ஒரு வேளைச் சோறாகவும் அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பொருளைச் செய்யும்போது, கட்டடத்தைக் கட்டும்போது, வண்டியை வடிக்கும்போது அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள் என்கிறோம். கேட்டுச் செய் என்கிறோம்; அவன் கையையும் சேர்த்துச் செய் என்கிறோம்.

"இது நமக்கு என்ன சம்பந்தம்? கூலி உயர்வு, வேலை நேரம் பற்றி எழுதுங்கள்" என்று சொல்லும் தோழரும் இருக்கலாம். அவருக்கு ஒரு பனையேறியைக் காட்டுகிறோம். குலசேகரன்பட்டினத்தைச் சுற்றி, உடன்குடி வரைக்கும் பனங்காடு. காலிலே தளைநார், இடுப்பிலே அரிவாள்பெட்டி, கையிலே முருக்குத் தடி. விடியுமுன் ஏறி, மாலையிலும் ஏறுகிறான் அவன். ஒருநாள் பிடி தவறுகிறது. உயிர் போகாவிட்டால் முதுகெலும்பு போகிறது. நேற்று வரைக்கும் ஊரிலேயே உயரமான இடத்தைத் தொட்டு வந்தவன், இன்று தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாமல் கிடக்கிறான். சிவகாசியிலே வெடிமருந்து கையைக் கொண்டுபோகிறது. கட்டட வேலையிலே சாரம் சரிந்து காலைக் கொண்டுபோகிறது. ஆலையிலே பல்சக்கரம் விரலைக் கொண்டுபோகிறது.

ஊனம் பிறவியிலே மட்டும் வருவதென்று யார் சொன்னது? உழைப்பாளிக்கு அது பல வேளைகளில் வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இரண்டாவது கூலி! அதற்கும் தப்பியவனுக்கு முதுமை இருக்கிறது. முழங்கால் தேயும், கண் மங்கும், காது மந்தமாகும். இன்று எவனுக்காகச் சாய்தளம் கட்டுகிறாயோ அவன் வேறொருவன் அல்ல. இருபதாண்டுக்குப் பிந்திய நீ!

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டிலே மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல் என்றது. இந்தியாவிலே 2 கோடியே 68 லட்சம் என்றது. அதற்குப் பின் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆகவே உண்மைத் தொகை கூடுமே தவிரக் குறையாது. அவர்களுடைய வீட்டாரையும் சேர்த்து எண்ணினால், இது ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் சிறு கூட்டத்தின் பிரச்சினை அல்ல என்பது விளங்கும்.

சரி, பொருள் செய்யும் இடத்துக்கு வருவோம். வல்லுநர் இருக்கிறார், என்ஜினியர் இருக்கிறார், அவர்களுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியப்போகிறது என்று கேட்பாருண்டு. வரலாறு சொல்லும் விடையைக் கேளுங்கள்.

பிரெஞ்சு நாட்டிலே தோல் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர். அவர் பட்டறையிலே மூன்று வயதுப் பிள்ளை ஊசிக் கருவியை எடுத்து விளையாட, அது கண்ணிலே பாய்ந்தது. ஒரு கண்ணிலே பட்ட புண் மறு கண்ணையும் கெடுத்தது. லூயி பிரெய்ல் என்பது அந்தப் பிள்ளையின் பெயர். அவர் பாரீசிலே பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது, பார்பியே எனும் படை அதிகாரி தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல மனத்தோடு கொண்டுவந்தார். ஆனால் ஒரு எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரை! கண்ணுக்கு அது அழகாகத் தெரிந்தது. விரல் நுனிக்கு அடங்கவில்லை. கண்ணுள்ளவர் செய்த எழுத்தின் குறையைக் கண்ணில்லாத விரல்தான் கண்டுபிடித்தது. அந்த மாணவர் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். 1824-இலே அந்த முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்து. இன்று உலக மொழிகள் பலவும், நம் தமிழும், அந்த ஆறு புள்ளிகளுக்குள் அடங்கி நிற்கின்றன. அதைச் செய்து கொடுத்தது பல்கலைக் கழகமா? பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை!

அமெரிக்காவிலே ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்றொரு சுரங்க என்ஜினியர். சுரங்க விபத்திலே முதுகு முறிந்தது. அந்நாளைய சக்கர நாற்காலி மடிக்க முடியாத பெரும் பாரம்; காரிலே ஏறாது. அவரும், அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் எனும் என்ஜினியரும் சேர்ந்து 1933-இலே எஃகுக் குழாயால் மடக்கு நாற்காலி செய்தனர். இன்று நம் மருத்துவமனைகளிலே காணும் மடக்கு நாற்காலிக்கு அதுதான் மூதாதை. ஒருவர் கைத்திறன் தந்தார். ஒருவர் அனுபவமும் தந்தார், கைத்திறனும் தந்தார். இருவரும் ஒரே மேசையிலே உட்கார்ந்தார்கள். அதுதான் வெற்றியின் ரகசியம்.

ராக்கெட் ஊரைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே ராக்கெட் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். ராமேசுவரத்து அப்துல் கலாம் ஐதராபாத்திலே ஏவுகணைப் பணியில் இருந்த காலம். அக்னி ஏவுகணைக்காக மிக இலேசான, மிக வலுவான கலவைப் பொருள் ஒன்றைச் செய்திருந்தனர். அங்கே வந்த எலும்பு மருத்துவர் ஒருவர் அந்தப் பொருளைக் கையிலே தூக்கிப் பார்த்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டினார். காட்டியது என்ன? இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள், மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதை. சில வாரங்களிலே அதே கலவைப் பொருளால் 300 கிராம் காலிப்பர் தயாராயிற்று. தம் வாழ்விலே பெரும் நிறைவு தந்தவற்றுள் ஒன்றாகக் கலாம் அதைப் பல மேடைகளில் சொல்லி வந்தார்.

இந்தக் கதையிலே நாம் பாராட்டுவது பொருளை மட்டும் அல்ல. பொருள் முன்பே இருந்தது. அறிவும் முன்பே இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: ஏவுகணை செய்தவர் அந்தக் குழந்தையின் எதிரே நின்றதில்லை. நின்ற சில வாரத்தில் பாரம் பத்தில் ஒன்றாயிற்று!

இன்னொன்றும் கேளுங்கள். 1950-களின் இறுதியிலே அமெரிக்கா மனிதனை விண்ணுக்கு அனுப்ப முனைந்தபோது, எடையற்ற நிலையில் தலைசுற்றலும் குமட்டலும் வருமே, என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தனர். அப்போது அவர்கள் யாரை அழைத்தனர் தெரியுமா? வாஷிங்டனிலே காது கேளாதோர் படிக்கும் காலடெட் கல்லூரியிலிருந்து பதினோரு ஆடவரை. சிறு வயதிலே வந்த மூளை உறைக் காய்ச்சலால் அவர்களிலே பத்துப் பேருக்கு உட்காது பழுதுபட்டிருந்தது. தலைசுற்றலுக்கு வேரே உட்காது. ஆகவே அவர்களுக்குத் தலை சுற்றாது! சுழலும் அறையிலே பன்னிரண்டு நாள் வைத்தும் பார்த்தார்கள், அசையவில்லை. கொந்தளிக்கும் கடலிலே கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தனர். சோதிக்க வந்த விஞ்ஞானிகள் வாந்தியெடுத்துப் படுத்தனர். சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போய்ப் பழகிய மணப்பாட்டு மீனவத் தோழர் இதைப் படித்தால் நன்றாகச் சிரிப்பார்.

ஊனம் என்று ஊர் எதைச் சொன்னதோ, அதுவே அங்கே தகுதியாக நின்றது. ஆனாலும் அந்தப் பதினோரு பேரிலே எவரையும் விண்ணுக்கு அனுப்பவில்லை. சோதனைக்கு வேண்டும், சவாரிக்கு வேண்டாம் என்பது அன்றைய நீதி! காலம் மெல்ல மாறியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், ஒரு கால் இழந்த மருத்துவர் ஜான் மெக்ஃபாலை 2022-இலே தன் வீரர் குழுவிலே சேர்த்தது. நீண்ட விண்பயணத்துக்கு அவர் உடல் தகுதியானதே என்று 2025-இலே அறிவித்தது. விண்கலத்திலேயே இடம் உண்டென்றால், ஏவுதளத்து அலுவலகத்திலே, பார்வையாளர் மாடத்திலே, அதற்குப் போகும் பேருந்திலே இடம் இல்லையா?

நம் நாட்டிலே நடப்பது என்ன? "அதுதான் சாய்தளம் கட்டிவிட்டோமே" என்பார்கள் அதிகாரிகள். ஆம், கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள்! ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. நாம் போய்ப் பார்த்த ஒரு கட்டடத்திலே மூன்றடி உயரத்துக்கு ஆறடி நீளத்தில் சரிவு. அதிலே நாற்காலியை ஏற்றினால் பின்னால் கவிழும்; இறக்கினால் வீதி வரைக்கும் ஓடும். கைப்பிடி இல்லை. மேலே ஏறியதும் திரும்ப இடமில்லை. நடுவிலே யாரோ பூத்தொட்டியும் வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டிய கொத்தனார் நம் தோழர்தான். அவரைக் கேட்டோம். "பிளானிலே இப்படித்தான் இருந்தது" என்றார். பிளான் போட்டவருக்கு இடம் சுருக்கம். கான்ட்ராக்டருக்குச் சிமெண்டு மிச்சம். அதிகாரிக்குப் பட்டியலிலே ஒரு குறி. நால்வரிலே ஒருவராவது ஒரு நாற்காலிக்காரனை அழைத்து, "ஏறிப் பார் தம்பி" என்று சொல்லியிருந்தால் அந்தக் காசு மண்ணாகியிருக்காது.

சென்னை மெரினாவைப் பாருங்கள். கடலை எட்ட நின்றே பார்த்தவர்கள் கடலலை காலிலே பட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டனர். முதலிலே ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 3-ஐ ஒட்டி, தற்காலிகப் பாதை. 2022 நவம்பர் 27-ஆம் நாள் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. முதன்முறையாக அலையைத் தொட்டுத் திரும்பியவர்கள் கண்ணிலே நீர் நின்றது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல். பாதையின் கடற்பக்கம் சேதமாயிற்று. "பார்த்தீர்களா, இதெல்லாம் நடக்காது" என்றனர் சிலர். புயலிலே படகும்தான் உடைகிறது. அதற்காக எவனாவது மீன்பிடிப்பதை விட்டானா? பாதை செப்பனிடப்பட்டது, திரும்பவும் நாற்காலிகள் போயின. பாடம் என்ன? கடற்கரைக்கு ஏற்ற பாதை எது என்பதைக் கடலும் சொல்லும், நாற்காலிக்காரனும் சொல்வான். இரண்டையும் கேட்டுச் செய்ய வேண்டும். குலசேகரன்பட்டினத்து மணலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

பேருந்துக் கதையும் அப்படித்தான். தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று சென்னையிலே மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தின் படியேறினர். படி இருக்கிறதே என்று நீதி கேட்கவும் படிதான் ஏற வேண்டியிருந்தது! சாலை சரியில்லை, வெள்ளம் வரும், விலை அதிகம் என்று ஒவ்வொரு காரணம் சொல்லப்பட்டது. ஆண்டுகள் ஓடின. 2024 ஆகஸ்டிலே மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதிலே ஏறுபவர் யார்? நாற்காலிக்காரர் மட்டுமா? கர்ப்பிணி ஏறுகிறாள், கூடைக்காரி ஏறுகிறாள், முழங்கால் பிடித்த முதியவர் ஏறுகிறார், பிள்ளையை இடுப்பிலே சுமந்தவள் ஏறுகிறாள். ஒருவனுக்காகத் தாழ்ந்த படி ஊருக்கே உதவுகிறது. "எத்தனை பேர் வரப்போகிறார்கள்?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். வழியே இல்லாத இடத்துக்கு ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது, பாலமே இல்லாத ஆற்றிலே யாரும் கடக்கவில்லை, ஆகவே பாலம் வேண்டாம் என்பதற்கு ஒப்பானது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிப்படி அமையாத கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது. கட்டி முடித்த சான்றும் தரக் கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சீர்படுத்த ஐந்தாண்டு கெடுவும் வைத்தது. விதிகள் 2017 ஜூனிலே வந்தன. கெடு 2022 ஜூனிலே தீர்ந்தது. படிகளோ தீரவில்லை! 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. சட்டம் "செய்தே ஆக வேண்டும்" என்று சொல்ல, அதன் கீழ் வந்த விதியோ "செய்தால் நல்லது" என்பது போல் குழைந்து நிற்கிறது. அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று அடித்துச் சொன்னது. கட்டாயமான அளவுகோல்களை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு மத்திய சர்க்காரைப் பணித்தது. இந்தத் தீர்ப்பைக் கிளைதோறும் படிக்க வேண்டும். தொழிலாளிக்குத் தெரியாத சட்டம் அலமாரியிலே இருக்கும் அரிவாள், அறுக்காது!

2006-இலே ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, இந்தியா 2007-இலே ஒப்புறுதி தந்த அந்த உடன்படிக்கை, இன்னும் ஒருபடி மேலே போகிறது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்களைக் கலந்தே எடுக்க வேண்டும் என்கிறது. உலகெங்கும் அவர்கள் எழுப்பும் முழக்கமும் அதுவே: எங்களை விட்டுவிட்டு எங்களுக்காக எதையும் செய்யாதே! தொழிற்சங்கத் தோழருக்கு இந்த முழக்கம் புதிதா? தொழிலாளியைக் கேட்காமல் முதலாளி வகுக்கும் ஒப்பந்தத்தை நாம் ஏற்றதுண்டா? அதே நியாயம்தான் இது.

நம் நெல்லைச் சீமை இந்த நியாயத்துக்குப் புதியது அல்ல. பாளையங்கோட்டையிலே 1890-இலேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியிலே அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-இலே கடற்படைத் தேர்வுச் சோதனையிலே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போனவர். வீட்டு மூலையிலே முடங்கிக் கிடந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1981-இலே சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாத கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். நாற்காலியிலே அமர்ந்த இருவர் ஒரு வளாகத்தையே எழுப்பினர். அங்கே பள்ளி, பயிற்சி, சிகிச்சை, கருவி செய்யும் பட்டறை எல்லாம் உண்டு. 2020-இலே ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைவிடப் பெரிது ஒன்று உண்டு: அங்கே பயன்பெறுபவனும் திட்டமிடுபவனும் இருவேறு சாதி அல்ல. குலசேகரன்பட்டினத்து என்ஜினியர்கள் பாடம் கேட்க அமெரிக்கா போக வேண்டாம், ஆய்க்குடி போதும்.

"ஊனமுற்றோர்" என்ற சொல்லை அகற்றி "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லை அரசு ஏட்டிலே ஏற்றியது தமிழ்நாடு. நல்ல சொல், மானமுள்ள சொல். 2025 ஏப்ரலிலே சட்டமன்றத்திலே கொண்டுவந்த சட்டத் திருத்தம், உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தது. கிராம ஊராட்சிகள் மட்டும் 12,000-க்கு மேல். எண்ணிப் பாருங்கள், எத்தனை நாற்காலிகள்! ஆனால் நாற்காலி கொடுத்தால் மட்டும் போதுமா? அவர் மன்றத்துக்குள்ளே நுழைய வழி வேண்டும். தீர்மானத்தை அவர் படிக்கப் பிரெய்லோ, ஒலியோ, சைகை மொழி வல்லுநரோ வேண்டும். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வரைபடம் வரும்போது "இதிலே உமது கருத்து என்ன?" என்று அவரைக் கேட்க வேண்டும். கேளாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால், அது பிரதிநிதித்துவம் அல்ல; பொம்மைக் கொலு!

ஆகவே குலசேகரன்பட்டினத்தை முன்னிட்டு நாம் கேட்பவை சில. பெரிய கோரிக்கைகள் அல்ல, செய்யக்கூடியவை.

ஏவுதளத்தையும், அதை ஒட்டி எழும் அலுவலகம், குடியிருப்பு, சாலை, பேருந்து நிறுத்தம், பார்வையிடும் இடம் எல்லாவற்றையும், வரைபடம் முடிவாகுமுன் அந்த வட்டாரத்து மாற்றுத்திறனாளிகளிடம் காட்டுக. முடிவான பின் காட்டினால் அது ஆலோசனை அல்ல, அறிவிப்பு. மரத்திலிருந்து விழுந்த பனையேறியும், பார்வையற்ற ஆசிரியரும், காது கேளாத தையற்காரியும் அந்தக் கூட்டத்திலே இருக்கட்டும்.

வந்தவருக்குக் கூலி கொடுக்க. என்ஜினியரின் அறிவுக்கு ஊதியம் உண்டென்றால், இருபதாண்டு நாற்காலியிலே கழித்தவனின் அறிவுக்கு ஏன் இல்லை? இலவசமாக உழைப்பை வாங்குவதை எந்தப் பெயரிலும் நாம் ஒப்பமாட்டோம்.

கட்டி முடித்ததும் பயன்படுத்துபவரே சோதித்துச் சரியென்று கையெழுத்திட்ட பிறகே கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை தருக. ஆறடிச் சாய்தளங்கள் அன்றே மறையும்!

வேலை தருக. சட்டப்படி நூற்றுக்கு நான்கு இடம் சர்க்கார் வேலையிலே உண்டு. அது பிச்சை அல்ல, பங்கு.

தசராவுக்கு வரும் லட்சக்கணக்கான மக்களையும் மறக்க வேண்டாம். சக்கர நாற்காலி போகும் உறுதியான மணற்பாதை, கைப்பிடி உள்ள கழிப்பறை, தாழ்வான குடிநீர்க் குழாய், எழுத்தாலும் ஒலியாலும் சொல்லும் அறிவிப்பு ஆகியவை வேண்டும். வேண்டுதலுக்காகப் பத்து நாள் வேடம் போடும் பக்தன், பதினோராம் நாள் வேடத்தைக் களைந்து வீடு திரும்புகிறான். தன் உடலைக் களைந்துவிட்டுத் திரும்ப முடியாதவனுக்கும் அந்தக் கடற்கரை சொந்தம்தான்.

சர்க்காரிடம் கேட்டோம். நம்மிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேடையிலே நியாயம் பேசிவிட்டு வீட்டிலே மறப்பது நமக்கு அழகல்ல.

நம் கிளை மன்றத்துக்கு எத்தனை படி? நம் படிப்பகத்தின் வாசல் எவ்வளவு அகலம்? நம் பொதுக்கூட்ட மேடைக்கு ஏணி தவிர வேறு வழி உண்டா? நம் செயற்குழுவிலே மாற்றுத்திறனாளித் தோழர் எத்தனை பேர்? ஊர்வலத்தின் முன்னே மூன்று சக்கர வண்டியிலே கொடி பிடித்து வருபவரைப் படம் எடுத்துக்கொள்கிறோம்; கூட்டம் முடிந்து தீர்மானம் எழுதும் அறை மாடியிலே இருக்கிறது! அவர் கீழே காத்திருக்கிறார். இந்த வெட்கத்தை மறைக்காமல் சொல்கிறோம், ஏனெனில் நீக்கக்கூடிய வெட்கம் இது. அடுத்த கூட்டத்தைக் கீழ்த்தளத்திலே கூட்டுங்கள். செலவு ஒரு காசும் இல்லை. நம்மிலே கொத்தனார் உண்டு, தச்சர் உண்டு, வெல்டர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், மன்றத்து வாசலிலே ஒழுங்கான சாய்தளம் எழும். கட்டுமுன் அந்தத் தோழரை அழைத்து அளவு கேளுங்கள். கட்டியதும் முதலிலே அவரே ஏறட்டும்.

நாளை குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் கிளம்பும். தென்கடலுக்கு மேலே நெருப்புக் கோடாய் நேரே போகும். ஊர் திரண்டு அண்ணாந்து பார்க்கும். அந்தக் கூட்டத்திலே, மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த பனையேறியும் தன் நாற்காலியிலே, யாரும் தூக்காமல், தானே வந்து சேர்ந்து, முன்வரிசையிலே இருந்து பார்க்க வேண்டும். "இந்தப் பாதைக்கு அளவு சொன்னவன் நான்" என்று தன் பேரனிடம் அவன் சொல்ல வேண்டும்.

அந்த நாளிலே ராக்கெட்டோடு சேர்ந்து நாடும் உயர்ந்தது என்று நாம் எழுதுவோம். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்: ராக்கெட்டுக்கு நேர்வழி கண்டீர்களே, மனிதனுக்கு எப்போது?